காய்ந்த இலை போல் இருக்கும் பழக் கள்வன்

(வன்னிப் பகுதியில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடைபெற்ற மாலைக் கூட்டம் ஒன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்தக் கூட்டங்களில் சம்பளம், சேமலாப நிதி, பிள்ளைகளின் பாடசாலை வரவு, குடிதண்ணீர் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு பூச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். "நலன்புரி ஐயாவுக்கு வேற வேல கிடைக்கலயா, பூச்சி பிடிக்க வந்துட்டாரு" என்று பின்னுக்கு இருந்து யாரோ சொல்வது எனக்குக் கேட்கிறது. சிரிக்கலாம், பிழையில்லை. ஆனால் இந்தப் பூச்சி உங்கள் வளவில் நிற்கும் தோடை மரத்தோடும், அதை விற்று வரும் காசோடும், பிள்ளைகளின் வயிற்றோடும் சம்பந்தப்பட்டது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

நம்மில் பலருடைய வீட்டுக் கதை ஒன்றுதான். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் நிறைய. பிறகு யுத்தம், இடம்பெயர்வு. 2009க்குப் பின் மீண்டும் வந்து முதலில் இருந்து தொடங்கினோம். பகலில் தென்னந்தோட்டத்திலும் மரமுந்திரிகைத் தோட்டத்திலும் கூலி வேலை. அந்தியில் வீட்டு வளவு. அந்த வளவில் நட்ட நாலு தோடை, ரெண்டு மாதுளை, ஒரு கொய்யா, ஒரு மா, இவைதான் சம்பளத்துக்கு மேலே வரும் கைக்காசு. அந்தக் காசைத்தான் இந்தப் பூச்சி இரவில் வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது.

முதலில் காயத்தைப் பாருங்கள்

கள்வனைப் பிடிக்க வேண்டுமென்றால் அவன் விட்டுப்போன அடையாளத்தை முதலில் பார்க்க வேண்டும். மரத்தின் கீழே விழுந்து கிடக்கும் பழத்தைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள்.

வௌவால், அணில், கிளி தின்ற பழம் என்றால் சதை பெரிதாகப் பிய்ந்திருக்கும். பல் பட்ட, சொண்டு பட்ட அடையாளம் தெரியும். அதில் சந்தேகமில்லை.

பழ ஈ தாக்கிய பழம் என்றால் வெளியே சிறு புள்ளி இருக்கும். பழத்தைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும். கொய்யாவிலும் மாம்பழத்திலும் இதை எல்லோரும் கண்டிருப்பீர்கள்.

மூன்றாவது வகைதான் இன்றைய விஷயம். தோலில் குண்டூசி குத்தியதுபோல ஒரு துளை. பழத்தை அமத்தினால் அந்தத் துளை வழியே சாறு வெளியே வரும். தோலை உரித்துப் பார்த்தால் துளைக்குக் கீழே சதை சாறில்லாமல், காய்ந்த பஞ்சுபோல் இருக்கும். உள்ளே புழு இல்லை. ரெண்டு மூன்று நாளில் துளையைச் சுற்றி மண்ணிற வட்டம் விழுந்து, பூஞ்சணம் பிடித்து, பழம் பழுக்கும் முன்னமே விழுந்துவிடும். இதுதான் பழம் துளைக்கும் அந்துப்பூச்சியின் வேலை.

குத்திய துளை சிறிதுதான். ஆனால் அந்தத் துளை வழியே பூஞ்சணமும் பக்றீரியாவும் உள்ளே போவதால்தான் முழுப் பழமும் அழுகுகிறது. அதோடு விடாது. தோலைத் துளைக்கத் தெரியாத வேறு சிறு அந்துக்களும் ஈக்களும் அதே துளையில் வந்து குடிக்கும். அவற்றைக் கண்டு "இதுகள்தான் காரணம்" என்று நினைப்பவர்களும் உண்டு. அவை பின்னால் வந்த விருந்தாளிகள். கதவை உடைத்தவர் வேறு ஆள்.

ஆள் அடையாளம்

இந்த அந்தின் விஞ்ஞானப் பெயர் இயூடோசிமா பலோனியா. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1763 இல் இதற்குப் பெயரிட்டார். பழைய புத்தகங்களில் ஓதிரெய்ஸ் புல்லோனியா என்று இருக்கும், ரெண்டும் ஒன்றுதான். ஆபிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, அவுஸ்திரேலியா, பசுபிக் தீவுகள் வரை இது இருக்கிறது. ஆகவே நம்முடைய வளவுக்கு மட்டும் வந்த சாபம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆள் பெரியவர். சிறகை விரித்தால் எட்டு முதல் பத்து சென்ரிமீற்றர் வரை, ஒரு சிறு பிள்ளையின் கையளவு இருக்கும். அவ்வளவு பெரிய பூச்சி பகலில் ஏன் கண்ணில் படுவதில்லை? அங்கேதான் அதன் கெட்டித்தனம்.

இதற்கு நாலு சிறகு. முன்சிறகு ரெண்டும் மண்ணிறம், சிலதில் பச்சை கலந்த மண்ணிறம். நடுவே இலை நரம்புபோல ஒரு கோடு. ஓரம் இலையின் விளிம்புபோல வளைந்திருக்கும். பெண்ணின் முன்சிறகில் வெளிறிய திட்டுகள் கூடுதலாக இருக்கும். பகலில் அது முன்சிறகால் உடம்பை மூடிக்கொண்டு புதருக்குள்ளும் சருகுக்குள்ளும் அசையாமல் இருக்கும். பார்த்தால் ஒரு காய்ந்த இலை. பாலை மரத்தடியில், வீரை மரத்தடியில் சருகு எவ்வளவு கிடக்கிறது? அதற்குள் ஒரு சருகு உயிரோடு இருந்தால் யாருக்குத் தெரியும்?

இப்போது ஒரு சிறு தடியால் அதைத் தட்டுங்கள். திடீரென்று முன்சிறகைத் தூக்கும். உள்ளே இருக்கும் பின்சிறகு நல்ல செம்மஞ்சள் நிறம், ஓரத்தில் கறுப்புக் கரை, நடுவில் வளைந்த கறுப்பு அடையாளம். கொத்த வந்த குருவி ஒரு கணம் திடுக்கிட்டுப் பின்வாங்கும். அந்த ஒரு கணம் போதும், அந்து பறந்து போய் வேறொரு சருகில் இருந்து சிறகை மூடிக்கொள்ளும். குருவி செம்மஞ்சள் நிறத்தைத் தேடும். அங்கே இருப்பதோ காய்ந்த இலை. இப்படி முதலில் ஒளித்தல், ஒளித்தது பிடிபட்டால் மிரட்டல் என்று ரெண்டு தந்திரம் அதன் சிறகிலேயே இருக்கிறது.

இதன் உறவுக்காரர் ஒன்று இயூடோசிமா மாதர்னா. அதுவும் நமது நாட்டில் உண்டு, அதுவும் பழம் துளைக்கும். ரெண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். பின்சிறகின் நடுவில் கறுப்பு அடையாளம் வளைந்து அரிவாள்போல் இருந்தால் பலோனியா. வட்டப் பொட்டுப்போல் இருந்தால் மாதர்னா. பிள்ளைகளே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கேட்பேன்.

இன்னுமொரு விஷயம். வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துக்கும் தேன் குடிக்கும் குழாய் மெல்லியதாக, சுருண்டு இருக்கும். பூவுக்குள் விடலாம், தோலைத் துளைக்காது. இந்த அந்தின் குழாய் அப்படியல்ல. ரெண்டு சென்ரிமீற்றருக்கு மேல் நீளம், நுனி கடினம், அதில் முட்கள்போலக் கொளுக்கிகள். துறப்பணத்தால் துளைப்பதுபோல ஆட்டி ஆட்டித் தோடம்பழத் தோலையும் துளைத்துவிடும். மனிதரைக் குத்தாது. ராத்திரி வீட்டுக்குள் ஒன்று வந்துவிட்டால் பேய் வந்தது, கெட்ட சகுனம் என்று பயப்பட வேண்டாம். பழவாசனைக்கு வந்த பூச்சி, அவ்வளவுதான்.

இந்த ஒளிக்கும் நிறம் எப்படி வந்தது?

பிள்ளைகள் கேட்பார்கள், பூச்சிக்கு இந்தப் புத்தியை யார் சொல்லிக் கொடுத்தது என்று. பூச்சி யோசித்துச் செய்வதில்லை. சருகைப்போல் குறைவாக இருந்த பூச்சிகளைக் குருவிகள் கண்டு தின்றன. கூடுதலாக இருந்தவை தப்பி முட்டையிட்டன. பிள்ளைகள் தாயைப்போலவே வந்தன. இது எத்தனையோ ஆயிரம் தலைமுறையாக நடந்தது.

மனிதர் கண்ணுக்கு முன்னாலேயே இப்படி நடந்த கதை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் வெள்ளையில் கறுப்புப் புள்ளியுள்ள ஓர் அந்து இருந்தது. வெளிறிய மரப்பட்டையில் இருந்தால் தெரியாது. ஆலைகளின் கரியால் மரங்கள் கறுத்தன. 1848 இல் மன்செஸ்ரர் நகரில் கறுத்த அந்து ஒன்று பதிவானது. அந்த நூற்றாண்டு முடியும் முன் அங்கே ஏறத்தாழ எல்லாமே கறுப்பாகிவிட்டன, ஏனென்றால் வெள்ளையைக் குருவி இலகுவாகக் கண்டு தின்றது. 1956 இல் அங்கே காற்றைச் சுத்தமாக்கும் சட்டம் வந்தது. கரி குறைந்தது, மரம் வெளுத்தது, வெள்ளை அந்தும் திரும்பக் கூடியது. 2001 முதல் 2007 வரை மைக்கல் மஜெரஸ் என்ற அறிஞர் ஆயிரக்கணக்கான அந்துக்களை மரத்தில் விட்டுப் பார்த்து, குருவிகள்தான் காரணம் என்று உறுதிப்படுத்தினார். ஆகவே அந்தின் உடையைத் தைத்த தையற்காரர் குருவி என்று சொல்லலாம்.

நாலு பருவம்

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். பூச்சியின் வாழ்க்கையைத் தெரியாமல் அதோடு சண்டைக்குப் போனால் காசும் உடம்பும்தான் போகும். இந்த அந்துக்கு முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று நாலு பருவம்.

முதலாவது முட்டை. பெண் அந்து முட்டையைப் பழத்தில் இடுவதில்லை. தோடை மரத்திலும் இடுவதில்லை. நம் நாட்டில் அது தேடிப்போவது சீந்தில் கொடியையும் அதன் இனத்துக் காட்டுக் கொடிகளையும்தான். சீந்தில் தெரியாதவர்கள் இங்கே இல்லை. வேலியில், வேம்பில், பூவரசில் ஏறி, இதயம்போன்ற இலையோடு, நூல் நூலாக வேர் தொங்கவிட்டு நிற்கும். சிங்களத்தில் ரசகிந்த என்பார்கள். காய்ச்சலுக்குக் கசாயம் வைக்கும் அதே கொடி. அந்த இலையின் அடியில் ஒரு மில்லிமீற்றர் அளவில் வெளிறிய முட்டைகளைத் தனித்தனியாகவும் கூட்டமாகவும் இடும். ஒரு பெண் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் இடும். மூன்று நாலு நாளில் பொரிக்கும்.

இரண்டாவது குடம்பி, அதாவது புழு. ஆரம்பத்தில் மெல்லிய பச்சைப் புழு. இலையைத் தின்று, தோல் உரித்து உரித்து வளரும். முற்றிய புழு ஐந்து ஆறு சென்ரிமீற்றர் நீளம், கரும் மண்ணிறம் அல்லது கறுப்பு. முதுகு வளைத்து வளைத்து நடக்கும். உடம்பின் பக்கத்தில், ஒரு பக்கத்துக்கு ரெண்டு வீதம், பெரிய கண்போன்ற வட்டங்கள். சீண்டினால் தலையை உள்ளே மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, அந்தப் பொய்க் கண்ணால் முறைக்கும். பார்க்கப் பாம்புக் குட்டிபோல் இருக்கும். பிள்ளைகள் அலறுவார்கள். ஆனால் இதற்கு மயிர்க்கொட்டியைப்போலச் சுணை மயிர் இல்லை, கடிக்காது, விஷமில்லை. இந்தப் பருவம் ஏறத்தாழ ரெண்டு மூன்று கிழமை.

மூன்றாவது கூட்டுப்புழு. புழு கொடியின் இலைகளை நூலால் சேர்த்துக் கட்டி, உள்ளே கூட்டுப்புழுவாகிவிடும். சாப்பாடு இல்லை, நடை இல்லை. ரெண்டு கிழமை அளவில் உள்ளே புழுவின் உடம்பு முழுக்க மாறி, சிறகுள்ள அந்தாக வெளியே வரும்.

நாலாவது நிறைவுடலி. இதுதான் பழத்துக்கு வருவது. முட்டையிலிருந்து அந்து வரை மொத்தம் ஒன்று அல்லது ஒன்றரை மாதம். ஒக்டோபரில் மாரி மழை தொடங்கிக் கொடிகள் தளிர்த்தால் புழுவுக்குச் சாப்பாடு தாராளம். அப்படிக் காட்டில் வளர்ந்த அந்துகள் பொழுது பட்டதும் பழவாசனை பிடித்து வரும். நல்ல பறப்புக்காரர். ஒரு வேலி, ஒரு வாய்க்கால் எல்லாம் அதற்குத் தூரமே இல்லை.

இப்போது இந்த நாலையும் சேர்த்து யோசியுங்கள். முட்டை காட்டில். புழு காட்டில். கூட்டுப்புழு காட்டில். அந்து மட்டும் ராத்திரி ஒரு சில மணி நேரம் நம் மரத்துக்கு வந்து குடித்துவிட்டுப் போகிறது. பகலில் உங்கள் தோடை மரத்தில் அந்தப் பூச்சியின் ஒரு பருவம்கூட இல்லை.

மருந்து அடித்தால் என்ன நடக்கும்?

அப்படியென்றால் பகலில் மரத்துக்கு மருந்து அடிப்பவர் எதற்கு அடிக்கிறார்? இல்லாத பூச்சிக்கு அடிக்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். புருஷன் இல்லை. மீள்குடியேறிய கையோடு நட்ட தோடை மரங்கள் நாலு. காய்க்கத் தொடங்கிய பிறகு அந்தக் காசில்தான் மகனின் பாடசாலைச் செலவு. ஒரு பருவம் பழம் எல்லாம் குத்துப்பட்டு விழுந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு மருந்து வாங்கி மூன்று தரம் அடித்தார். மருந்துக் காசு கடன். பூச்சி நிற்கவில்லை. நான் போன நேரம் அவர் சொன்னார்: "ஐயா, இந்த மரத்த வெட்டி வெறகாக்கிட்டு மரவள்ளி வைக்கப் போறேங்க. பாத்துப் பாத்து வளத்தது, இப்ப பாக்கவே வெறுப்பா இருக்கு." அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்னவன் முந்தின நாள் மருந்து அடித்த மரத்திலிருந்து ஒரு பழத்தைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்து வாயில் வைக்கப் போனான். தாய் பாய்ந்து தட்டிவிட்டார்.

அந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பழுக்கும் நேரத்தில் அடிக்கும் மருந்து அந்துக்குப் போவதில்லை, பிள்ளையின் வாய்க்குப் போகிறது, சந்தையில் வாங்குபவரின் வாய்க்குப் போகிறது. ஒவ்வொரு மருந்துப் போத்தலிலும் அடித்து எத்தனை நாளைக்குப் பிறகு பறிக்கலாம் என்று எழுதியிருக்கும். பழுத்த பழத்துக்கு அந்த நாள் கிடையாது, அதற்குள் விழுந்துவிடும். நமது நாட்டில் மருந்தால் போன உயிர்கள் கொஞ்சமல்ல. அதனால்தான் பரகுவாட், டைமெதோயேட், பென்தியன் என்ற மூன்றையும் அரசாங்கம் 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடை செய்தது. வீட்டில் பழைய போத்தல் ஏதும் கூரைக்குக் கீழே செருகிக் கிடந்தால் தயவுசெய்து கமநல சேவை நிலையத்தில் கேட்டு அகற்றுங்கள்.

மருந்தால் இன்னொரு நட்டமும் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் இருந்த பெரியவர்களுக்குக் கொழுந்துச் சுருட்டிப் புழு ஞாபகம் இருக்கும். அதுவும் ஓர் அந்தின் புழுதான். அதை அடக்க 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மக்றோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்றுவிடும். சுருட்டிப் புழு அடங்கியது. பிற்காலத்தில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்டிரின் என்ற மருந்தைத் தெளித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்தில் குளவியும் செத்தது, அடங்கியிருந்த சுருட்டிப் புழு திரும்பவும் கிளம்பியது. நமது மூத்தோர் வேலை செய்த மலையிலேயே நடந்த பாடம் இது. பழ அந்துக்கும் முட்டையில் ஒட்டி வாழும் சிறு குளவிகள் உண்டு. பசுபிக் தீவுகளில் இந்த அந்தின் புழு முள்முருக்கு இலையைத் தின்று பெருகியபோது, பப்புவா நியூகினியிலிருந்து அப்படிப்பட்ட குளவிகளைக் கொண்டுபோய் சமோவா, பீஜி, தொங்கா போன்ற தீவுகளில் விட்டார்கள். குளவி, சிலந்தி, குருவி, வௌவால் எல்லாம் நமக்குச் சம்பளம் கேட்காத வேலையாட்கள். அவர்களை மருந்தால் கொல்லக் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது?

செலவில்லாத வழிகள்தான் இதற்கு நல்ல வழிகள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, பை கட்டுதல். பழம் நிறம் மாறத் தொடங்கும் முன்னமே கடதாசிப் பையோ பழைய துணிப் பையோ கட்டுங்கள். பை தளர்வாக இருக்க வேண்டும். துணியோ வலையோ பழத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்து வெளியே இருந்தபடியே குத்திவிடும். சொப்பிங் பையைக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பழம் அழுகும், அதைத் தவிர்க்கவும். மாதுளைக்கும் கொய்யாவுக்கும் இது மிக இலகு. பழ ஈயும் இதிலேயே நிற்கும், ஒரு வேலையில் ரெண்டு பலன்.

இரண்டாவது, விழுந்த பழத்தைப் பொறுக்குதல். மரத்தடியில் அழுகும் பழத்தின் வாசனைதான் அந்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பதுபோல. தினமும் காலையில் பொறுக்கிக் கிடங்கில் போட்டு மண்ணால் ஆழமாக மூடுங்கள். வேலிக்கு வெளியே எறிந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பியதாக முடியும்.

மூன்றாவது, நேரத்துக்குப் பறித்தல். மரத்திலேயே நன்றாகப் பழுக்கட்டும் என்று விட்டால் அந்துக்குத்தான் விட்டதாகும். முற்றி, நிறம் திரும்பும்போதே பறியுங்கள். மாங்காயை முற்றியதும் பறித்து வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கலாம்.

நாலாவது, ராத்திரியில் பிடித்தல். பொழுது பட்டபின் ஏழு மணி முதல் பத்து மணி வரை டோர்ச் லைட் அடித்து மரத்தைப் பாருங்கள். பழத்தில் இருக்கும் அந்தின் கண் வெளிச்சத்தில் தணல்போல ஒளிரும். குடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கையாலோ வலையாலோ பிடித்துவிடலாம். இந்த அந்து மற்றப் பூச்சிகளைப்போல விளக்குக்கு ஓடி வருவதில்லை, அதனால் விளக்குப் பொறிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். காலுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள். புடையனும் சருகு நிறம்தான், அதுவும் ராத்திரியில்தான் திரியும்.

ஐந்தாவது, புகை. அந்திக்கு வேப்பிலையும் சருகும் போட்டுப் புகை மூட்டுவது நமது பழைய பழக்கம். பழவாசனையைப் புகை மறைக்கும், அந்து தடுமாறும். ஆனால் கோடை காலத்தில், காற்று வீசும் நேரத்தில் செய்ய வேண்டாம். பக்கத்தில் காடு, ஓலைக் கூரை எல்லாம் இருக்கிறது. புகை மூட்டியவர் அணையும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும்.

"ஐயா, அப்ப சீந்தில் கொடியெல்லாம் வெட்டி எறிஞ்சா என்ன?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. உங்கள் வேலியில் உள்ள கொடியில் இலையை அடிக்கடி திருப்பிப் பாருங்கள், பொய்க்கண் புழு இருந்தால் எடுத்துவிடுங்கள். மரத்தோடு ஒட்டி நிற்கும் கொடியை அகற்றலாம். ஆனால் காட்டில் உள்ளதை வெட்டி முடிக்க ஒருவராலும் முடியாது. தூரம் பறந்து வரும் பூச்சிக்குப் பத்து யார் கொடியை வெட்டியதால் ஒன்றும் ஆகாது. போவது நமது மருந்துக் கொடி மட்டும்தான். அதோடு, புழு தேடுகிறேன் என்று யாரும் காட்டுக்குள் போக வேண்டாம். யானை ஒரு பக்கம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ சிவப்பு அடையாளமோ உள்ள இடத்தில் எந்தக் காரணத்துக்கும் கால் வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதை வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இந்தப் பூச்சியைப் பிடிக்கக் காட்டுக்குப் போகத் தேவையே இல்லை, அதுவே நம் மரத்துக்கு வருகிறது.

அந்தத் தாயின் மரம் என்னவானது என்று கேட்பீர்கள். அடுத்த பருவம் பழைய கடதாசியில் பை ஒட்டினார், மகனும் சேர்ந்து கட்டினான். எல்லாம் தப்பவில்லை. கை எட்டாத மேல்கொப்புப் பழங்களில் நிறையக் குத்துப்பட்டன. கீழ்க்கொப்புப் பழம் சந்தைக்குப் போனது. மருந்துக்கு ஒரு சதமும் செலவில்லை. மரம் நாலும் நிற்கின்றன.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

பிள்ளைகளே, வேலிச் சீந்திலில் கண்போன்ற வட்டமுள்ள புழு ஒன்றைக் கண்டால் கொல்லுவதற்கு முன் ஒன்றைமட்டும் வளர்த்துப் பாருங்கள். வாய் அகன்ற போத்தலில் விட்டு, வாயைத் துணியால் கட்டி, தினமும் புதிய சீந்தில் இலை போடுங்கள், பழைய இலையையும் எச்சத்தையும் அகற்றுங்கள். திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். எந்த நாள் இலையை மடித்துக் கட்டியது, எந்த நாள் அந்து வெளியே வந்தது என்று குறியுங்கள். சில போத்தலில் அந்துக்குப் பதிலாகச் சிறு ஈயோ குளவியோ வெளியே வரலாம். வந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் நான் சொன்ன சம்பளம் கேட்காத வேலையாள். அதை வெளியே பறக்க விடுங்கள். விஞ்ஞானப் பாடத்தில் நிறை உருமாற்றம் என்று மனப்பாடம் செய்வதை உங்கள் வீட்டு மேசையிலேயே காணலாம்.

பெரியோர்களே, இவ்வளவு சொன்னதன் சாரம் இதுதான். காயத்தைப் பார்த்து ஆளை அறியுங்கள். ஆளின் நாலு பருவமும் எங்கே நடக்கிறது என்று அறியுங்கள். அதன்பிறகு கையில் காசு எடுங்கள், அல்லது எடுக்காமலே விடுங்கள். சந்தேகம் இருந்தால் மருந்துக் கடைக்குப் போக முன் விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். குத்துப்பட்ட பழம் ஒன்றையும், முடிந்தால் பிடித்த பூச்சியையும் கையோடு கொண்டு போனால் அவருக்கும் சொல்ல இலகுவாக இருக்கும்.

சரி, முன்வரிசைப் பிள்ளைகளே, பின்சிறகில் வட்டப் பொட்டு இருந்தால் அது யார்? கை உயர்த்துங்கள் பார்ப்போம்.